மரத்துப்போன கால்

(நூலக வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் எல்லோரும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இடது கையை மடக்கிக்கொண்டு, வலது கை விரலால் முழங்கையின் உட்பக்கத்தைத் தடவுங்கள். உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்கும் முழங்கையின் கூர் முனைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விரலை வைத்து மெல்ல உருட்டினால், தடித்த நூல் ஒன்று விரலடியில் நழுவும். சற்று அழுத்தினால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தாற்போல ஓர் உணர்வு ஓடும். கட்டில் விளிம்பிலோ கதவு நிலையிலோ முழங்கை இடித்து அந்தக் 'கரண்ட்' வாங்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள்.

அந்த நூலுக்கு அல்நார் நரம்பு என்று பெயர். இந்தப் பேச்சு முழுக்க அந்த இடத்தை மறக்காதீர்கள். திரும்பவும் அங்கே வருவேன்.

நரம்பு என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் புழங்குகிறோம். ரத்தம் எடுக்க வரும் செவிலியர் "நரம்பே கிடைக்கல" என்கிறார். அவர் தேடுவது சிரையை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம், இழுத்துக்கொண்டது தசை. கழுத்தில் புடைத்துத் தெரிவதும் நரம்பு, கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. யாழின் தந்திக்கும் பழந்தமிழில் நரம்பு என்றே பெயர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிரேக்க மொழியில் 'நியூரான்' என்ற சொல்லுக்கும் முதற்பொருள் தசைநாண், முறுக்கிய நாண் என்பதுதான். அறுத்துப் பார்த்த கண்ணுக்கு எல்லாம் வெள்ளை வெள்ளையாக, நீளநீளமாக, ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது. உள்ளமைப்பின் வேறுபாடு தெரிய நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

முழங்கையில் நீங்கள் உருட்டிய நூலைக் குறுக்கே வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் தேர் வடத்தைக் குறுக்கே வெட்டியது போலிருக்கும். நார் நாராக இழைகள். பல இழைகளை ஓர் உறை சுற்றி ஒரு புரி. பல புரிகளைச் சேர்த்து இன்னொரு உறை சுற்றி வடம். புரிகளுக்கு நடுவே கொழுப்பும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் இருக்கும். ஆயிரக்கணக்கான அந்த இழைகளில் ஒவ்வொன்றும் ஒரு செல்லின் கை. ஒரு தனிச் செல் நீட்டிய கை என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்த பிறகும் எனக்கு இந்த ஒன்று பழகிப்போகவில்லை.

கால் பெருவிரலின் தொடு உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏந்தி வரும் செல்லின் உடல், காலில் இல்லை. இடுப்பில், இரண்டு முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள இடுக்கில், ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அங்கிருந்து அது பெருவிரல் வரை ஓர் இழையை நீட்டியிருக்கிறது. சுமார் ஒரு மீட்டர். அந்தச் செல்லின் உடலை ஒரு குடம் அளவுக்குப் பெரிதாக்கி இந்த மேடையில் வைத்தால், அதிலிருந்து கிளம்பும் இழை உலக்கைக் கனத்தில் 6 கிலோமீட்டர் தொலைவுக்குப் போகும். இழையைத்தான் ஆக்சான் என்கிறோம். மூளையில் உள்ள பெரும்பாலான நரம்புச் செல்களுக்குச் சேதி வாங்குவதற்கென்று டென்ட்ரைட் எனும் கிளைகள் மரக்கிளைபோலப் படர்ந்திருக்கும். அந்தக் கிளைகள் வாங்கும், ஆக்சான் அனுப்பும். மூளையில் இப்படிப்பட்ட செல்கள் சுமார் 8,600 கோடி. அவற்றோடு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் துணைச் செல்களும் உண்டு. இந்தத் துணைச் செல்களைப் பற்றிப் பாடப்புத்தகம் ஓரிரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறது. அது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நரம்புத் திசு தனித்தனிச் செல்களால் ஆனதா என்பதே ஒரு காலத்தில் பெரும் வழக்காக இருந்தது. மூளையை எப்படிச் சாயமேற்றினாலும் இழையும் இழையும் பின்னிக்கிடக்கும் புதராகத்தான் தெரியும். 1873இல் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த திசுவை வெள்ளி நைட்ரேட்டில் போட்டால், நூற்றில் ஒன்றிரண்டு செல்கள் மட்டும் அடிமுதல் நுனிவரை கறுத்துவிடும், மற்றவை தெரியாமல் போய்விடும். அடர்ந்த காட்டில் ஒரே ஒரு மரம் மட்டும் கறுப்பாகத் தெரிவதுபோல. அந்தச் சாயத்தை வைத்துக்கொண்டு ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோ ரமோன் இ காஹால் இரவும் பகலும் வரைந்தார். அவர் வரைந்த படங்களை நான் மாணவர்களுக்கு இன்றும் காட்டச் சொல்கிறேன். நிழற்படம் காட்டாததை அவை காட்டும். ஒவ்வொரு செல்லும் தனி, நுனிகள் தொட்டுக்கொள்கின்றன, கலந்துவிடுவதில்லை என்றார் காஹால். கோல்ஜி ஒப்பவில்லை; எல்லாம் ஒரே வலை என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையிலேயே கோல்ஜி தம் உரையில் காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்து, இரு செல்களுக்கு நடுவே உள்ள மிக நுண்ணிய இடைவெளியைக் காட்டிய பிறகு வழக்கு முடிந்தது. சாயம் கண்டவர் கோல்ஜி, அந்தச் சாயத்தில் உண்மையைக் கண்டவர் காஹால்.

1873 என்ற ஆண்டையும் மனதில் வையுங்கள்.

இந்த இழையில் ஓடுவது என்ன? மின்சாரம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். மின்கம்பியில் ஓடுவது போல அன்று. ஆக்சானுக்கு வெளியே உள்ள நீர், கடல் நீரைப்போல சோடியம் மிகுந்தது. உள்ளே உள்ள நீர், இளநீரைப்போல சோடியம் குறைந்து பொட்டாசியம் மிகுந்தது. நடுவில் மெல்லிய ஒரு சவ்வு. அந்தச் சவ்விலுள்ள பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் நிற்பதில்லை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது என்றால் அதற்கு இந்த ஓயாத இறைப்பு ஒரு முக்கியக் காரணம். விரலில் ஏதோ பட்டதும் சவ்விலுள்ள சோடியக் கதவுகள் திறக்கின்றன. கடல் உள்ளே பாய்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடியில் அந்த இடம் மீள்கிறது. அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்துகொள்கின்றன. வெடித் திரியில் நெருப்பு ஓடுவதுபோல, ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பற்றிப் பற்றிப் போகிறது. திரி எரிந்து சாம்பலாகும். ஆக்சான் மறுகணமே அடுத்த சேதிக்குத் தயார். பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசி அந்தச் சோடியக் கதவுகளை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டறிய உதவியது நம் கடற்கரையில் வலையில் அள்ளும் கணவாய்தான். கணவாய்க்கு ஆபத்து வந்தால் உடலைச் சட்டென்று சுருக்கி, நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். அதற்கான கட்டளை வேகமாகப் போக வேண்டும். ஆகவே அதற்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கனமான ஆக்சான் இருக்கிறது, வெறுங்கண்ணுக்கே தெரியும். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதற்குள் மின்முனையைச் செருகி, அந்தத் துடிப்பை உள்ளிருந்தே அளந்தார்கள். சில வாரங்களில் போர் வெடித்தது. வேலையைப் போட்டுவிட்டுப் போனவர்கள், போர் முடிந்து திரும்பி வந்து, 1952இல் அதன் கணிதத்தை முழுமையாக எழுதினார்கள். கணிப்பொறி கிடைக்காததால் ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

கணவாய் வேகத்துக்காக ஆக்சானைக் கனமாக்கிக்கொண்டது. நமக்கு அது கட்டுப்படியாகாது. நம் முதுகுத் தண்டில் உள்ள இழைகள் எல்லாம் அந்தக் கனம் இருந்தால் தண்டு தென்னைமரத்தையும் மிஞ்சிவிடும். நம் உடல் வேறு வழி பிடித்தது. இங்கேதான் துணைச் செல்கள் வருகின்றன.

தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானியர் பெயரில் வழங்கும் ஷ்வான் செல், ஆக்சானைக் கட்டிப்பிடித்து, தன் சவ்வையே பாய் சுருட்டுவதுபோலச் சுற்றுகிறது. சுற்றும்போது உள்ளிருக்கும் நீரெல்லாம் வெளியேறி, கொழுப்புப் படலம் மட்டும் அடுக்கடுக்காக நிற்கும். இதுதான் மயலின் உறை. ஒரு ஷ்வான் செல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தைக் காக்கும், பிறகு ஒரு சிறு இடைவெளி, அடுத்த செல். கரும்பில் கணு இருப்பதுபோல. ரான்வியர் கணு என்று பெயர். சோடியக் கதவுகள் கணுவில் குவிந்திருக்கின்றன. ஆகவே துடிப்பு கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. கணவாய் அரை மில்லிமீட்டர் கனத்தில் எட்டுகிற வேகத்தை, உறை சுற்றிய நம் ஆக்சான் அதில் நூற்றில் ஒரு பங்கு கனத்தில் எட்டிவிடுகிறது. ஆட்டு மூளையை நறுக்கிப் பார்த்தவர்களுக்கு விளிம்பு சாம்பலாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருப்பது தெரியும். சாம்பல், செல் உடல்கள் கூடிய இடம். வெள்ளை, இந்தக் கொழுப்பின் நிறம். அங்கே உறை சுற்றுவது ஷ்வான் செல்லின் உறவு முறையான வேறொரு செல்.

எல்லா ஆக்சானுக்கும் உறை இல்லை. வெறுங்காலில் நடக்கும்போது கல்லில் கட்டைவிரல் இடித்தால் என்ன ஆகிறது? முதலில் 'சுரீர்' என்று ஒன்று. ஐயோ என்று காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி காத்திருக்கிறோம். பிறகு, மெல்ல, எரிச்சலும் கடுப்புமாக இரண்டாவது வலி வந்து சேர்கிறது. முதல் சேதி உறையுள்ள இழையில் வந்தது. இரண்டாவது, உறையில்லாத மெல்லிழையில், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், நடந்து வந்தது. இந்த மெல்லிழைகளையும் ஷ்வான் செல் கைவிடுவதில்லை. பாய் சுற்றாவிட்டாலும், பல குழந்தைகளைத் தாய் முந்தானைக்குள் அணைத்துக்கொள்வதுபோல ஒரே செல் பல இழைகளைத் தன் மடிப்புகளுக்குள் வைத்துக் காக்கிறது. வலி, சூடு ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏந்துவது இந்த மெல்லிழைகள்.

இப்போது 1873க்குத் திரும்புவோம். கோல்ஜி தம் சாயத்தை வெளியிட்ட அதே ஆண்டில், நார்வேயின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் திசுவில் ஒரு கிருமியைக் கண்டார். காசநோய்க் கிருமிக்கு உறவு. இரண்டாகப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும் அளவுக்கு மந்தமானது. உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. அது குடியேறும் இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? ஷ்வான் செல். குறிப்பாக, மெல்லிழைகளை அணைத்துக்கொண்டிருக்கும் ஷ்வான் செல். ஷ்வான் செல்லைச் சுற்றியுள்ள லாமினின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கிருமி அங்கே ஒட்டுகிறது என்று 1997இல் கண்டறிந்தார்கள்.

காக்கிற செல்லுக்குள் கிருமி. அதை எதிர்த்து வரும் உடலின் எதிர்ப்புச் செல்களின் சண்டையும் அங்கேயே நடப்பதால் நரம்பு வீங்குகிறது, நெரிபடுகிறது. தோலுக்கு அடியிலேயே, குளிர்ச்சியான இடத்தில் ஓடும் நரம்புகள் முதலில் மாட்டுகின்றன. நீங்கள் முழங்கையில் தொட்டீர்களே, அந்த நரம்பு. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகும்போது, உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையை மடக்கச் சொல்லி அந்தப் பள்ளத்தில் விரல் வைப்பது, அங்கே நரம்பு தடித்திருக்கிறதா என்று அறியத்தான். அது கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கிப்போகும். முக நரம்பு கெட்டால் கண் இமை மூடாது.

விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் ஊர் நம்பியது. பெரும்பாலான மருத்துவர்களும் நம்பினார்கள். அதை மாற்றியவர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் திணறிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பார்த்தார். விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. வலி இருந்திருந்தால் அந்தக் கை பாதித் திருகலிலேயே நின்றிருக்கும். இரவு படுத்த நோயாளிகளின் விரல் காலையில் குறைந்திருப்பதைக் கண்டு காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவர் அசையவில்லை. பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது கூடவே பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். சதை அழுகவில்லை, காவலுக்கு ஆளில்லாத வீட்டில் நடக்கிறதுதான் நடந்தது. மடங்கிய விரல்களை நிமிர்த்த, நல்ல தசையின் நாணை எடுத்து இடம் மாற்றித் தைக்கும் அறுவையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். உணர்ச்சியில்லாத பாதத்துக்கென மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் அந்த வட்டாரத்திலிருந்து பரவியது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

தொழுநோய்க்கு 1980களிலிருந்து கூட்டு மருந்து இருக்கிறது, இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி ஒழியும். ஆனால் மருந்துக்கு முன்பே செத்துப்போன இழை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே தேமலில் உணர்ச்சி இல்லை என்றால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். வெட்டுப்பட்ட நரம்பு வளரும், உண்மைதான். செல் உடல் உயிரோடு இருந்து, ஷ்வான் செல்கள் வரிசையாகக் குழாய்போல நின்று வழிகாட்டினால், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளரும். வழிகாட்டியே சிதைந்துபோன இடத்தில் என்ன செய்வது?

எம்.சி.ஆர். செருப்பை இன்று வாங்குவோரில் பலர் தொழுநோயாளிகள் அல்லர். சர்க்கரை நோயாளிகள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்லியது. அவர்களுக்கு ஏன் கால் விரலிலிருந்து மரத்துப்போகிறது? ஏன் தொடையிலிருந்து தொடங்குவதில்லை?

இடுப்பிலிருக்கும் அந்தச் சின்ன செல் உடலை மறுபடி நினைத்துப் பாருங்கள். பெருவிரல் நுனிக்கு வேண்டிய புரதத்தை அதுதான் தயாரித்து அனுப்ப வேண்டும். ஆக்சானுக்குள் தண்டவாளம்போல நுண்குழல்கள் கிடக்கின்றன. அவற்றின்மேல் கைனசின் என்ற புரதம், தலைச்சுமைக்காரர்போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடி அடியாக நடக்கிறது. 1985இல் இதைக் கண்டுபிடித்ததும் கணவாயின் ஆக்சானில்தான். வேகமான சரக்கு நாளுக்கு 40 சென்டிமீட்டர் போகும். விரலை அடைய இரண்டரை நாள். மெதுவான சரக்கு நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டர். இன்று இடுப்பில் புறப்படும் சில புரதங்கள் கால்விரலைச் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். சர்க்கரை மிகுந்த ரத்தம் வடத்துக்குள் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது, ஷ்வான் செல்லைக் கெடுக்கிறது, இழையையும் கெடுக்கிறது. கடைமடைக்குத்தான் முதலில் தண்ணீர் போய்ச் சேராது. மரப்பு மெல்ல ஏறி முழங்காலை எட்டும் வேளையில் கைவிரல் நுனியில் ஆரம்பிக்கும், ஏனென்றால் நீளத்தில் அடுத்த முறை அந்த இழைகளுடையது.

மரத்துப்போதல் என்கிறோம். அந்தச் சொல்லில் மரம் ஒன்று நிற்பதாகவே என் காதுக்குப் படும்.

என் அப்பாவுக்கு இருபது ஆண்டுச் சர்க்கரை. ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். வயலுக்குப் போனவர் மாலையில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைக் கடந்து உள்ளே போனார். சிமெண்டுத் தரையில் ஓர் அடி விட்டு ஓர் அடி, நாலணாக் காசு அளவில் சிவப்புப் பொட்டு. கூடத்திலிருந்து அடுக்களை வரை. "அப்பா, கால்ல என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லையே" என்று அந்தக் காலாலேயே இன்னோர் அடி வைத்தார். உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்தால், குதிகாலுக்கு முன்னால் ஒரு கருவேல முள் முறிந்து நின்றது. செருப்பைத் திருப்பினால் மீதி அதில். ஒன்றரை மைல் அந்த முள்மேல் நடந்து வந்திருக்கிறார். நான் உடற்கூறியல் ஆசிரியர். அவர் இடுப்பிலுள்ள செல்களை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன். அந்தக் காலை அதுவரை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் திண்ணையில் உட்காருவார். முகம் மழிக்கும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். என் மகள் அப்போது சின்னப் பெண். "என்ன தாத்தா தேடுறே?" என்று கேட்டாள்.

"காலு சொல்ல மாட்டேங்குதும்மா. அதான் கண்ண வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

பிறகு செருப்பை எடுத்து, போடுமுன், உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒரு பொடிக்கல் வந்தது. அதை விரல் நடுவில் வைத்துச் சற்று நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு வாசலில் எறிந்தார்.